போலீஸ் போன பிறகு ஒரு காட்சி

மேடையில் திருடனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும் மைதானத்து ஓரத்தில் பைக்குகள் உறுமத் தொடங்கின. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளைகளே, கூட்டம் கலைவதற்கு முன்னால் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்பது நம் ஆட்களின் பழக்கம். சினிமாவானாலும் நாடகமானாலும் சண்டை முடிந்தால் எழுந்துவிடுவோம். அன்றும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். என் தங்கைக்கு இருந்ததே ஒரு காட்சி. அது இனிமேல்தான் வர வேண்டும்.

சென்னை பாடியில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு நாங்களே நாடகம் போடுவோம். அந்த ஆண்டு பேக்கிங் பிரிவில் இருந்த என் தங்கைக்குத் திருடனின் மனைவி வேடம்; புருஷன் பிடிபட்ட மறுநாள் தெருக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க வருவதுதான் அவள் காட்சி. நாடகத்தை நடத்தியவர் ஒத்திகையிலேயே அவள் காட்சியை வெட்டப் பார்த்தார்.

"போலீசு வந்தாச்சு, கிளைமாக்ஸ் முட்ஞ்சிது. அப்பால இன்னாத்துக்கும்மா கொழாயடி?"

"கிளைமாக்ஸ்தான நைனா முட்ஞ்சிது? அவன் பொண்டாட்டி நாளைக்கித் தண்ணி புடிக்க வாணாவா?" என்றாள் இவள்.

நானும் அதுவரை கிளைமாக்ஸும் முடிவும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். திருடன் மாட்டுவானா, தப்புவானா என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமே, அந்த இடம் உச்சக்கட்டம். அவன் மாட்டிய பிறகு மிச்சமிருப்பவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்வதுதான் முடிவு.

தங்கை இடுப்பில் காலிக் குடத்தோடு வந்தாள். பாதி நாற்காலிகளில் ஆளில்லை. பைக்குகள் இருந்த பக்கம் திரும்பினாள். பிறகு ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் சொன்னாள்:

"இன்னா அண்ணாத்தே, எங்க ஊட்டுக்காரரு போய்ட்டாருன்னு அல்லாரும் கெளம்பிட்டீங்களா? நான் இங்கதான கீறேன்?"

பேசுவது திருடனின் மனைவியா, என் தங்கையா என்று யாருக்கும் தெரியவில்லை. "வண்டிய ஆஃப் பண்ணு மாமே, அந்தப் பொண்ணு கேக்குதுல்ல" என்று ஒருவர் கத்தினார். பைக்குகள் அடங்கின. ஏறியவர்கள் ஏறியபடியே திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் குழாயடிப் பெண்கள் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில், அந்தத் திருடனிடம் நகையைப் பறிகொடுத்தவளே தன் குடத்தை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டாள். அவ்வளவுதான் காட்சி. விசில் இல்லை. கைதட்டல்கூடக் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது, வந்தது நிற்கவில்லை.

இப்போதும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தால், அன்று எங்களோடு வேலை பார்த்த பெண்கள் வேண்டுமென்றே குடத்தை நகர்த்தி, "வாம்மா, நீ புட்ச்சிக்க" என்று அவளைச் சீண்டுவார்கள். "நாடகம் முட்ஞ்சி எத்தினி வருசமாவுதுக்கா!" என்பாள் அவள், முதல் ஆளாகத் தன் குடத்தை வைத்துக்கொண்டே. அவளுடைய அண்ணன் என்ற உரிமையில் அடுத்த குடம் என்னுடையது.