என் பேரில் ஒரு மதர்போர்டு

பென்னலூரில் நாங்கள் மூன்று பெண்கள் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். மூவருக்கும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. சுவர் அலமாரியில் ஆளுக்கு ஒரு தட்டு. எனக்கு நடுத் தட்டு. நான் வாங்க நினைத்த கம்ப்யூட்டர் பெட்டி அந்தத் தட்டில், என் துணிகளுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய பிஸ்கட் டின் பிடிக்கிற இடத்துக்குள் அடங்க வேண்டும். சின்னதாக இருந்தால் அழகு என்று நினைத்து ஆசைப்பட்டதல்ல அது. வேறு இடமே இல்லை.

லேப்டாப் வாங்க வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்டார்கள். வாங்கினேனே. ஊருக்கு எடுத்துப்போன முதல் தடவையே அண்ணன், "ரெண்டு நாள் குடு, ஒரு வேல கீது" என்று வாங்கிக்கொண்டான். எட்டு மாதம் கழித்து என்னிடம் திரும்பி வந்தபோது அதன் மூடி ஒரு பக்கம் தொங்கியது. கேட்டதற்கு, "தங்கச்சி பொருள அண்ணன் தொடக்கூடாதா?" என்று அவனுக்குத்தான் கோபம் வந்தது. சுவரில் மாட்டிய மானிட்டரும் வயருமாக இருக்கிற ஒன்றை அவன் அவ்வளவு சுலபமாகத் தூக்கிக்கொண்டு போக மாட்டான். கெட்டாலும் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

என் வேலை போர்டு பார்ப்பது. லைனில் வந்துகொண்டே இருக்கும் பச்சை சர்க்யூட் போர்டுகளை வட்ட விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, பாகங்களை ஒட்டும் ஈயமான சால்டர் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா, ஏதாவது பாகம் சாய்ந்திருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு வருடமாக இதுதான். ஒரு ஷிஃப்ட் எட்டு மணி நேரம், ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. யாரோ வரைந்த போர்டைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்குப் பதில் நானே ஒன்றை வரையக் கற்றுக்கொண்டு, டிசைன் பிரிவுக்கு மனுப் போட வேண்டும் என்று இருந்தது. வரைகிற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஓட்டத்தான் கம்ப்யூட்டர்.

மதர்போர்டைத் தேர்ந்தெடுக்க மட்டும் இரண்டு மாதம் ஆனது. நான் பார்த்துவைத்த சின்ன கேபினெட்டுக்குள், அதாவது கம்ப்யூட்டர் பெட்டிக்குள், பதினேழு சென்டிமீட்டர் சதுரமான போர்டுதான் போகும். பொருள் சின்னதானால் விலை குறையும் என்றுதானே நினைப்போம்? இதில் தலைகீழ். பெரிய போர்டுகள் மலிவு. சின்னதுக்கு விலை ஏறுகிறது. சின்னதிலேயே மலிவாகத் தேடினால், செய்தவன் எதையாவது வெட்டித்தான் மலிவாக்கியிருப்பான். ஒன்றில் வைஃபை இல்லை. இன்னொன்றில் பின்பக்கம் செருகுவதற்கு யு.எஸ்.பி. நாலே நாலு. வேறொன்றில், ப்ராசஸருக்குக் கரண்ட் கொடுக்கிற பாகங்களின் மேல் சூட்டை இறக்குவதற்கான அலுமினியத் தகடே கிடையாது. காற்றுப் போகாத சின்னப் பெட்டிக்குள், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட எங்கள் அறையில், மே மாதத்தில் அது எத்தனை நாள் தாங்கும்? விளம்பரத்தில் கலர் கலராக விளக்கு எரிவதைக் காட்டுவார்கள். தகடு இல்லாததை யாரும் சொல்வதில்லை. ஷிஃப்ட் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

பக்கத்து சீட்டில் வரும் அறைத்தோழி திருநெல்வேலிக்காரி. "ஏட்டி, மாப்ள போட்டோவக் கூட ஒருத்தியும் இப்படிப் பாத்திருக்க மாட்டா" என்றாள்.

"மாப்ளைக்கு வாரன்டி கெடையாது. இதுக்கு மூணு வருசம் கீது" என்றேன்.

கடைசியில், தகடு உள்ள, வைஃபை இல்லாத போர்டு ஒன்றை முடிவு செய்தேன். வைஃபையை அப்புறம் விரல் நீளத்தில் ஒரு குச்சி வாங்கிச் செருகிக்கொள்ளலாம். தகட்டை அப்புறம் ஒட்ட முடியாது. மற்ற பாகங்கள் ஆன்லைனில் வந்துவிட்டன. இந்தப் போர்டு மட்டும் அங்கே தீர்ந்துபோயிருந்தது. தண்டலத்தில், காலேஜ்களுக்குப் போகிற வழியில் உள்ள ஒரு கடையில் இருப்பதாகப் போனில் சொன்னார்கள். எங்கள் லைனில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஒருவர் அந்தப் பக்கம் குடியிருக்கிறார். வயதில் மூத்தவர், நல்ல மனுஷன். நாங்கள் எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். காலை ஷிஃப்ட் முடிந்ததும் என்னை பைக்கில் கூட்டிப்போனார்.

கடைக்காரரிடம் மாடல் நம்பரைச் சொன்னேன். அவர் அண்ணாவைப் பார்த்து, "இன்னா யூஸுக்கு சார்? கேமிங்கா?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவங்கதான் வாங்கறாங்க" என்றார் அண்ணா.

"போர்டு டிசைன் பண்றதுக்கு" என்றேன் நான்.

கடைக்காரர் தலையாட்டிவிட்டு மறுபடியும் அண்ணாவிடமே பேசினார். "அந்தக் குட்டி போர்டுலாம் வாணாம் சார். இத்த எடுத்துக்கோங்க. வெலயும் கம்மி, பெர்சாவும் கீது. லைட்டு எரியும். லேடீஸுக்குப் புடிக்கும்."

"அது என் கேபினெட்டுல போவாது. நான் கேட்டது கீதா, இல்லியா?"

உள்ளே போய் எடுத்துவந்தார். பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

"சீல் ஒடச்சா வாங்கியே ஆவணும்மா. பிரிச்சுப் பாத்தா மட்டும் உனுக்கு இன்னா தெரியப்போவுது?"

அந்த இடத்திலேயே திரும்பி வந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் தேடிய போர்டு கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது, வாங்கிவிட்டேன். அதற்காக என் மேலேயே எனக்கு இன்னும் ஆத்திரம்தான். போனில் பணம் அனுப்பிக்கொண்டிருந்தபோது, "பேர் சொல்லுங்க சார்" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. அதையும் கவனிக்காமல் விட்டேன்.

அறைக்கு வந்து பிரித்தேன். சீல் டேப் புதிதாகத்தான் இருந்தது. போர்டை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்ததும் தெரிந்துவிட்டது. ஸ்க்ரூ போடுகிற ஓட்டைகளைச் சுற்றி வட்டமாகக் கீறல். ஏற்கனவே ஏதோ ஒரு பெட்டிக்குள் மாட்டிக் கழற்றிய போர்டு. மெமரி செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கெபாசிட்டரைச் சுற்றிப் பழுப்பாக, சால்டர் வைக்கும்போது தடவுகிற பசை காய்ந்திருந்தது. ப்ராசஸர் உட்காருகிற இடத்தின் மூடியைத் தூக்கினால், மயிரிழை போன்ற பின்களின் வரிசையில் மூலையில் ஒன்று மட்டும் சாய்ந்து நின்றது. பெட்டியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரையும் போர்டில் இருந்த நம்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேறு வேறு. பில்லை எடுத்தேன். வாங்கியவர் என்ற இடத்தில் அண்ணாவின் பெயர்.

"விடாதட்டி. நாளைக்கே போயி அவன் சட்டையப் பிடி" என்றாள் திருநெல்வேலிக்காரி.

பில் அவர் பெயரில் இருந்ததால் மறுநாளும் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடையில் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் மவுஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போர்டைக் கவுன்டரில் வைத்து மூடியைத் திறந்து காட்டினேன்.

கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். "பின்னு வளஞ்சா வாரன்டி கெடையாது. கை பட்டிருக்கும். வளையல் கிளையல் மாட்டியிருக்கும்."

எங்கள் லைனுக்குள் வளையல், மோதிரம், வாட்ச் எதுவும் போடக்கூடாது. ஆறு வருடமாக என் கை மூளிக் கைதான். இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். "எங்க கீது வளையல்?"

நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். "நான் இன்னும் ஸ்க்ரூவே போடல. ஓட்டைய சுத்திக் கீறல் எப்டி வந்துச்சு? இந்தக் கெபாசிட்டரப் பாருங்க. இது கையால வெச்ச சால்டர். மெஷின்ல வந்தா இப்டி பசை நிக்காது. பாக்ஸ்ல ஒரு நம்பர், போர்டுல ஒரு நம்பர். இது யாரோ திருப்பிக் குடுத்த போர்டு."

"உனுக்கு எப்டிமா தெரியும்?"

"நாள் பூரா நான் இதாங்க பாக்கறேன். இதான் என் வேல."

அவர் சிரித்தார். அண்ணாவைப் பார்த்து, "கம்பெனில டப்பால போட்டு ஒட்றவங்கள்லாம் இஞ்சினியர் ஆயிட்டாங்க சார்" என்றார். மவுஸ் பார்த்த பையன்களும் சிரித்தார்கள்.

நம்பரை மறுபடி சொன்னேன். "ஸ்டிக்கர்லாம் மாறும்மா" என்றார். மூன்றாவது தடவையும் சொன்னேன், ஒவ்வொரு எழுத்தாக, விரலை வைத்து. அவர் என்னைத் தாண்டி வாசலில் போகும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணா குனிந்து இரண்டு நம்பரையும் பார்த்துவிட்டு, "ஆமாங்க, வேற வேறயாதான் கீது" என்றார்.

"அப்டியா சார்? குடுங்க பாக்கலாம்." கடைக்காரர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அதுவரை அந்தக் கண்ணாடி மேஜையிலேயேதான் கிடந்தது. பெட்டியைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். "சரி சார். சப்ளையர் பண்ண தப்பா இருக்கும். உங்க மூஞ்சிக்காக மாத்தித் தரேன்."

எனக்குள் என்னவோ அறுந்தது. இவ்வளவு சத்தமாக என்னால் பேச முடியும் என்று எனக்கே தெரியாது.

"அவர் மூஞ்சிக்கு இன்னாத்துக்கு மாத்தித் தர? துட்டு என் போன்லேர்ந்து வந்துச்சு. அடுத்தவன் போர்ட சீல் போட்டு வித்தது நீ. கண்டுபுடிச்சது நான். மூணு வாட்டி சொன்னேன், ஒரு வாட்டி கூட குனிஞ்சு பாக்கல. அவரு ஒரு வாட்டி சொன்னா கண்ணாடி மாட்டறியா?"

'நீ' என்று வந்துவிட்டது. திருத்திக்கொள்ளவில்லை. பையன்கள் மவுஸை வைத்துவிட்டு வெளியே போனார்கள். அண்ணா என் பக்கம் திரும்பி, "வுடுமா, அதான் தரேன்றாருல்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

"வுட மாட்டேன். அந்த பில்லக் கிழிச்சுட்டு என் பேர்ல எழுதச் சொல்லுங்க. என் நம்பரையும் போடணும். புது போர்டு வந்தா எனக்குதான் போன் வரணும். பிரிச்சுப் பாத்துட்டுதான் எடுப்பேன், அதையும் பில்லுல எழுதணும்."

எழுதும்வரை கவுன்டரை விட்டு நகரவில்லை. யாரோ வந்து பிரிண்டர் மை கேட்டார்கள். நான் ஒதுங்கி வழி விடவில்லை. கடைசியில் எழுதினார். என் பெயரைத் தப்பாக எழுதினார். அடித்துத் திருத்த வைத்தேன்.

வெளியே வந்ததும் அண்ணா பைக்கை எடுத்துக்கொண்டே, "வேல முடிஞ்சிச்சில்லமா? அப்புறம் ஏன் இவ்ளோ கோவம்?" என்றார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அந்த ஆளின் கடை வாசலில் அழ எனக்கு விருப்பமில்லை. "நீங்க போங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஹைவே ஓரமாக நடந்து போய் ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஆட்டோவிலும் அழவில்லை. அறைக்கு வந்து வாளி நிறையத் துணி துவைத்தேன்.

பத்து நாளில் போன் வந்தது. தனியாகப் போனேன். போகும் முன் சின்னதாக ஒரு பூதக்கண்ணாடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கவுன்டரிலேயே சீலை உடைத்து, முதலில் நம்பர், அப்புறம் ஓட்டைகள், அப்புறம் பின்கள் என்று வரிசை வரிசையாகப் பார்த்தேன். லைனில் ஒரு போர்டுக்கு எனக்குச் சில விநாடிகள்தான் தருவார்கள். அங்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

"ஓகேவாமா?" என்றார் கடைக்காரர்.

"இன்னும் முடியல."

போர்டு நன்றாகத்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலமே ப்ராசஸரையும் மெமரியையும் பொருத்தி, கேபினெட்டில் மாட்டி, பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது. திருநெல்வேலிக்காரி கை தட்டினாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் அந்த ஆள் சிரித்த சிரிப்பு வந்து வந்து போயிற்று.

அண்ணாவிடம் இரண்டு வாரம் பேசவில்லை. ஒருநாள் டீ நேரத்தில் அவரே என் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னிக்கு நான் நடுவுல பேசுனது தப்பாமா?"

"பேசுனது தப்பில்லண்ணா. அவன் என்னப் பாத்து சிரிச்சப்ப பேசாம இருந்தீங்க பாருங்க, அதான்."

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கரெக்டுதான்" என்றார். சாக்கு எதுவும் சொல்லவில்லை. அதற்காக அவர் மேல் மரியாதை வந்தது.

ஐந்து மாதத்தில் சின்னச் சின்னதாக நாலு போர்டு வரைந்தேன். அதில் நன்றாக வந்த ஒன்றை, பேட்டரி சார்ஜ் செய்கிற ஒரு போர்டை, பிரிண்ட் எடுத்து மனுவோடு சேர்த்து சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டால்தான் மனு டிசைன் பிரிவுக்குப் போகும். தாளைப் புரட்டிப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"யாரு வரஞ்சு குடுத்தாங்க?" என்றார்.

"பேப்பரும் பேனாவும் குடுங்க சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மேஜைமேல் இருந்த நோட்டை நானே இழுத்து, எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்த போர்டின் சர்க்யூட்டை முதல் கோட்டிலிருந்து வரைய ஆரம்பித்தேன். எந்தப் பாகம் எதற்கு, ஏன் அந்த இடத்தில் என்று சொல்லிக்கொண்டே வரைந்தேன். அழுத்தி வரைந்ததில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது. பாதி வரைந்துகொண்டிருந்தபோதே, "சரிமா, சரி, போதும்" என்றார். நான் நிறுத்தவில்லை. முழுக்க வரைந்து அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். மனுவில் கையெழுத்துப் போட்டார். அது மேலே போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.