நிசாந்தினியின் குடை

கூரைக்குக் கீழேயும் குடை விரிக்கிறவள் நிசாந்தினி. புற ஊதா விளக்குப் பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்து அலுமாரிக்குக் கொண்டுபோகிற அந்தச் சின்னத் தூரத்துக்கும் கறுப்புக் குடைதான். "அதுகள் காய்ஞ்சு களைச்சு வருதுகள். நிழல் குடுக்க வேண்டாமோ?" என்பாள். கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் அவளைப் பகிடி பண்ணாத வாய் இல்லை.

'அதுகள்' என்றால் கிருமிகள். முல்லைத்தீவுக் கடனீரேரி வற்றினால் கரையில் உப்புப் பொருக்குப் படியும். அதற்குள் இளஞ்சிவப்பாய்க் குடியிருக்கிற சீவன்கள். தேக்கரண்டியால் சுரண்டிவந்து கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கிறாள். சில நட்சத்திரங்கள் தம்மைச் சுற்றும் கோள்கள்மேல் புற ஊதாக் கதிரை அள்ளிக் கொட்டுமாம். அங்கே ஓர் உயிர் தாக்குப்பிடிக்குமா? அதுதான் அவளுக்குத் தெரியவேண்டும். விளக்குப் பெட்டிதான் அவளுடைய நட்சத்திரம்.

கதிர் பட்ட தட்டில் எதுவும் முளைக்கவில்லை. திரும்பத் திரும்ப வெறுந்தட்டு. பேராசிரியர் தில்லைநாதன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இந்த முறையும் இல்லையெண்டால் நெல்லு நோய் ஆராய்ச்சிக்கு மாறும், பிள்ளை" என்றார்.

பிழை வீட்டிலிருந்து வந்தது. அக்கராயனில் தாய் பேச்சியம்மா மிளகாய்க் கன்று நட்டால், பக்கத்தில் தென்னோலைக் கிடுகுத் துண்டு குத்தி நிழல் கட்டுவா. வாடினது நிழலில்தான் தேறும். மகள் கிருமிக்கும் அதையே செய்து, இருட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

கடைசி முறை அலுமாரியில் இடம் போதாமல் ஒரு தட்டு யன்னலோரம் கிடந்துவிட்டது. சில நாள் கழித்துப் பார்த்தால், அலுமாரித் தட்டெல்லாம் வெறுமை. யன்னல் தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். "தற்செயலாயும் இருக்கலாம்" என்றார் பேராசிரியர். விடுவாளா அவள்? பாதியை யன்னலில், பாதியை இருட்டில் வைத்துத் திரும்பவும் செய்தாள். யன்னல்தான் வென்றது. கண்ணாடி வழியே வருகிற சாதாரண வெளிச்சத்தைக் கொண்டே, கதிர் கிழித்ததை அந்தச் சீவன்கள் தைத்துக்கொள்கின்றன. கொல்ல வருகிற நட்சத்திரம்தானே வெளிச்சமும் தருகிறது!

"அடிக்கிற கைதான் அணைக்கும் எண்டு அம்மா சொல்லுவா, சேர்" என்றாள். சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

"நெல்லை வேற ஆக்கள் பாக்கட்டும்" என்றார் தில்லைநாதன்.

மின்விசிறிக் காற்றில் யன்னல் திரைச்சீலை அசைந்து தட்டுகளை மறைத்தது. நிசாந்தினி குடையை மடக்கி, அதன் வளைந்த பிடியைத் திரைச்சீலையில் கொளுவி, ஓரமாக இழுத்துக் கட்டினாள்.