ஐந்தே எழுத்தில் லீப் வருடம்

அக்கா பிளஸ் டூ முடிக்கும் வருடம் அது. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஷிப்ட் பார்த்த அப்பாவுக்கோ அதில் நம்பிக்கை இல்லை. கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார்: கிருஷ்ணன்கோவிலில் ஒரு கல்லூரி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் புரோகிராம் போட்டியில் முதல் பரிசு வாங்கினால் சேர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பி.காம்.

ஜோடியாகத்தான் கலந்துகொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு படித்த நான்தான் ஜோடி. அவள் யோசிப்பாள், நான் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். என் தலைக்கனத்துக்கு அது போதவில்லை.

கடைசிக் கேள்வி: கொடுத்த வருடம் லீப் வருடமா என்று சொல்லும் ஒரு வரி. யாருடைய வரி சின்னதோ அவர்களுக்குப் பரிசு. ஒரே ஒரு முறைதான் அனுப்பலாம். அக்காவின் வரி இருபத்தாறு எழுத்து. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன்கள் இருபத்திரண்டு என்று திரையில் ஏறிவிட்டார்கள். இன்னும் ஆறு நிமிடம். அக்கா நகத்தைக் கடித்தபடி தாளில் எழுதி எழுதி அடித்தாள்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று தோன்றியது. நாலால் வகுபட்டால் லீப் வருடம். நூறு, நானூறு என்று அக்கா சேர்த்திருந்த வாலெல்லாம் எதற்கு? y%4<1. நாலால் வகுத்த மீதி ஒன்றுக்குக் கீழே, அவ்வளவுதான். ஐந்தே எழுத்து! அப்பா, அம்மா, அக்கா, நான் என்று வீட்டில் எல்லார் பிறந்த வருடத்தையும் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் சரி.

"ஏட்டி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்தப் போட்டுப் பாத்தியா?" என்றாள் அக்கா, தலை தூக்காமல்.

"அந்த வருசம் பொறந்தவிய யாரு இப்ப உசுரோட இருக்கா, அக்கா?"

"செத்த நேரம் பொறு, தொட்டுராத..."

அவள் முடிப்பதற்குள் அனுப்பிவிட்டேன்.

எங்கள் பெயருக்கு நேரே ஐந்து என்று வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எங்களைக் கூட்டிவந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்தே நின்றுவிட்டார். அக்கா மட்டும் அசையவில்லை. நடுவர் வருடங்களை ஒவ்வொன்றாகப் போட்டார். இரண்டாயிரம், சரி. இரண்டாயிரத்து நாலு, சரி. ஆயிரத்துத் தொள்ளாயிரம், தவறு. நூறால் வகுபடும் வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருடமாம். எங்களைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

பஸ்ஸில் அப்பா முன்சீட்டிலிருந்து திரும்பினார். "ரெண்டு பேருல யாரு அவசரப்பட்டது?"

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நாந்தாம்ப்பா," என்றாள் அக்கா.

அப்பா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பாடா, தப்பித்தேன் என்று அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

அக்கா பி.காம். சேர்ந்தாள். நாலு வருடம் கழித்து, எந்தப் போட்டியும் இல்லாமலே, அதே கல்லூரியில் அப்பா என்னைக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர்த்தார். "பெரியவ மாதிரி இவ அவசரக்குடுக்கை இல்ல," என்று அங்கே யாரிடமோ பெருமையாகச் சொன்னார். என் சர்டிபிகேட்டுகளைப் பிடித்துக்கொண்டு அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

அன்று பஸ்ஸில், அவள் என்னைத் திட்டிலிருந்து காப்பாற்றினாள் என்றுதான் நினைத்தேன். அவசரப்பட்டது நான்தான் என்று சொல்லியிருந்தால் அப்பா அவளை இன்ஜினியரிங் சேர்த்திருக்கக்கூடும் என்பது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.