நூற்றுக்கு நூறு வாங்கிய வகுப்பு

டெய்லரக்காவுக்குப் பல் உடைந்தது எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவைக் கூட்டத்தில். உடைத்தவர் கூடப்பிறந்த அண்ணன். பேரவைச் செயலாளரான நான் பேனாவும் கையுமாக மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வாரத்தில் ஆறு நாள் தன் தையல் கடையில் பள்ளிச் சீருடை தைப்பார். ஞாயிறு பூசை முடிந்ததும், பிள்ளைகளுக்கு வேதமும் செபமும் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்புகளுக்குப் பொறுப்பாளர் ஆகிவிடுவார். பன்னிரண்டு வருடமாக அந்த வேலை. கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டு மாடியறையில்தான் ஜாகை.

அந்த அண்ணன் எட்டாம் வகுப்பின் மறைக்கல்வி ஆசிரியர். எங்கள் மதிப்பீடு என்பது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகள் செபங்களைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிறார்களா? அவர் வகுப்பு வருடா வருடம் நூற்றுக்கு நூறு. எப்படி என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! புத்திகெட்ட கூட்டம், நானும் அதில் ஒருத்தன். மார்க்கைப் பார்த்து மயங்கி, அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் எல்லா வகுப்புகளையும் அவர் கையில் ஒப்படைப்பதென்று பேசி முடித்துவிட்டோம். பேரவை கை தூக்கினால் போதும்.

அக்காதான் மதிப்பீட்டுத் தாளில் யாரையும் கேட்காமல் ஒரு கேள்வியைச் சேர்த்தார்: இந்தச் செபத்தை எப்படிக் கற்றுக்கொண்டாய்? பெயர் எழுத வேண்டாம் என்றும் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். வந்த பதில்களைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார்.

"ஸ்கேல் ஓரத்தால விரல்லயே அடிச்சாரு. நகம் கறுத்துப்போச்சு." அடுத்த தாள்: "தலைய செவுத்துல மோதுனாரு. வாந்தி எடுத்தேன். அதுக்கும் அடிச்சாரு."

எட்டாம் வகுப்பின் முப்பது தாள்களில் இருபத்தாறு இப்படி. எண்ணிக்கையை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இன்னொரு வரி வாசித்தால் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றார் அண்ணன். அக்கா அடுத்த தாளை எடுத்தார். அவர் ஓடி வந்து தங்கையின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் இடித்தார். விழுந்தவரின் விலாவில் உதைத்தார். மறுபடியும் உதைத்தார். மூன்று பேர் சேர்ந்துதான் அவரை இழுக்க முடிந்தது. பிள்ளைகளின் தாள்களெல்லாம் ரத்தம்.

பங்குத்தந்தை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இது அண்ணன் தங்கை விவகாரம், அந்தக் கேள்வியை மதிப்பீட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: நோட்டில் எழுதியதை அடிக்க நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

அக்கா மேசையைப் பிடித்து எழுந்தார். உடைந்த பல்லை உள்ளங்கையில் துப்பினார்.

"இருபத்தாறுன்னுதானே எழுதியிருக்கீங்க தம்பி? இருபத்தேழுன்னு மாத்துங்க. சின்ன வயசுல எனக்கும் செபம் சொல்லிக் குடுத்தது அண்ணன்தான்."

மாற்றினேன். திட்டத்துக்கு ஒப்புதல் கேட்டபோது ஒரு கைகூட எழவில்லை. அக்கா அன்றைக்கே துணிமணிகளைத் தையல் கடைக்குத் தூக்கிவந்துவிட்டார்.