மலையில் எங்களுக்கு யாருமில்லை

எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் யாருடையதாவது கலியாணம் என்று அர்த்தம். லண்டன், பாரிஸ், சூரிச் எல்லாம் போயிருக்கிறோம். போன இடமெல்லாம் மண்டபம், சாப்பாடு, வீடியோக்காரரின் வெளிச்சம், பிறகு ஏதோ ஒரு மச்சானின் வரவேற்பறையில் பாய். ஈபிள் கோபுரத்தை நான் ஓடும் காரிலிருந்துதான் பார்த்தேன். அதுவும் மாப்பிள்ளை அழைப்புக்குப் பிந்திவிட்டது என்று மனைவி கத்திக்கொண்டிருந்தபோது.

ஆகவே, படித்து முடித்து வேலையில் சேர்ந்த மகள், பவேரியாவில் ஒரு பனிச்சறுக்கு ஊரில் எங்கள் விடுமுறைக்கு வீடு எடுத்திருப்பதாகச் சொன்னபோது மனைவி கேட்டது நியாயமான கேள்விதான்.

“அங்கை ஆர் இருக்கினம்?”

“ஒருதரும் இல்லை அம்மா.”

“பிறகென்னத்துக்குப் போறது?”

மகளின் முகம் சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் விடுமுறையைப் பற்றி எழுதச் சொன்னபோதெல்லாம் கலியாண வீட்டையே எழுதியவள் அவள். “ஒருக்காலாவது உர்லாப் எண்டால் உர்லாப் மாதிரி இருக்கவேணும். நாங்கள் மூண்டு பேர் மட்டும். அங்கை தமிழாக்களைக் கண்டாலும் எந்த ஊர் எண்டு கேக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ.”

விடுமுறைக்கு அவள் ஜெர்மன் சொல்லைத்தான் பாவிப்பாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நாங்கள் இருவரும் சத்தியம் செய்தோம். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழர் மேல்தான் விழவேண்டும், ஆனால் அல்ப்ஸ் மலைக்கு யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம் எனக்கு.

அது ஓகஸ்ட் மாதம். பனிமலை என்றதும் மனைவி மூன்று பேருக்கும் குளிர் ஜாக்கெட் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். போய்ப் பார்த்தால் பனிச்சறுக்குச் சரிவு முழுவதும் புல்லு. மாடுகள் கழுத்துமணி ஆட்டிக்கொண்டு மேய்ந்தன. மாரியில் சறுக்குகிறவர்களைத் தூக்கிக்கொண்டு போகும் தொங்குவண்டி, கோடையில் ஜாக்கெட்டோடு வேர்த்துக்கொண்டிருந்த எங்களைத் தூக்கிக்கொண்டு போனது.

கதவு மூடப்போகிற நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் ஓடிவந்து எங்கள் பெட்டிக்குள் ஏறினார்கள். கணவரின் மடியில் ஒரு பை. பைக்குள்ளிருந்து பொரித்த ரோல்ஸ் மணந்தது.

“கீழை பாக்காதேங்கோப்பா, தலை சுத்தும்,” என்றார் அந்த அக்கா.

சுத்த யாழ்ப்பாணம். என் மனைவியின் வாய் திறந்தது. மகள் நிமிர்ந்து பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. அந்த அண்ணை எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் அவசரமாக மாடுகளைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார். நாங்கள் இன்னும் ஆழமாக மாடுகளைப் பார்த்தோம். மனைவி என் தொடையைக் கிள்ளினாள். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. ஊர்ச்சனத்தைக் கண்டு முகத்தைத் திருப்பியது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. ஆனால் மகளிடம் செய்த சத்தியம் அல்லவா.

மேலே, கம்பிப்பாதையில் ஓடும் சின்ன வண்டிகள் இருந்தன. ஏறி இருந்தால் வண்டியே உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கிருந்து சரிவில் விட்டுவிடும். இரண்டு பேர் இருக்கலாம். மனைவி முன்னால், பிறேக் என் கையில். அண்ணையும் அக்காவும் எங்களுக்கு முன்னால் போனார்கள். மகள் பின்னால் வந்தாள்.

முதல் வளைவிலேயே மனைவி உடைந்துவிட்டாள்.

“ஐயோ முருகா! பிறேக்கைப் பிடியுங்கோ!”

மலை முழுக்க அது எதிரொலித்தது. முன் வண்டியில் போன அண்ணை கழுத்தை முறித்துத் திரும்பிப் பார்த்தார். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பிறேக்கை இறுக்கிப் பிடித்தேன். பாதிவழியில் அவளுடைய குரல் மாறியது.

“விடுங்கோ! பிறேக்கை விடுங்கோ எண்டு சொல்லுறன்!”

விட்டேன். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

கீழே அண்ணையும் அக்காவும் எங்களுக்காகவே காத்து நின்றார்கள். இனி மாடுகளைப் பார்க்க முடியாது. பின்னால் வந்து இறங்கிய மகள் எங்களையும் அவர்களையும் மாறிமாறிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

“அங்கிள், நீங்கள் ஊரிலை எந்த இடம்?”

“கேக்கமாட்டீங்களோ எண்டு பயந்து போனன் பிள்ளை,” என்றார் அவர். “நாங்கள் கோப்பாய். நீங்கள்?”

கோப்பாயில்தான் என் மனைவியின் பெரியம்மா வீடு. இனி இருட்டும்வரைக்கும் கதைதான் என்று நான் வாங்கில் உட்காரப்போனேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. பிறகு கதைப்பம். நாங்கள் இப்ப உர்லாப்பிலை நிக்கிறம்.”

வண்டியில் ஏறும்போது என்னிடம் சொன்னாள்: “இந்தமுறை பிறேக்கைத் தொட்டுப் பாருங்கோ!”

நாங்கள் திரும்பி வந்தபோது மகள் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இவை பெரியம்மம்மாவின்ரை மச்சாளின்ரை ஆக்கள்! டிசெம்பரிலை இவையின்ரை மகளுக்குக் கலியாணமாம். நாங்கள் வாறம் எண்டு சொல்லிப்போட்டன்.”

மனைவிக்கு அது கேட்டிருக்காது. அவள் மறுபடியும் வரிசையில் போய் நின்று, என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.