ஆறாயிரம் ரூபாய்க் கட்டில்

எங்கள் பக்கம் குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று ஒரு துணிகூட வாங்க மாட்டார்கள். பிறந்து முப்பது நாள் கழிந்ததும் பெயர் வைத்துத் தொட்டிலில் போடுவார்கள். அந்தத் தொட்டிலைக் கொண்டுவர வேண்டியவன் தாய்மாமன். என் அக்கா குணசுந்தரிக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் 2008-ஆம் வருஷம் மாசி மாதம் அவள் போனில், "எனக்கு நாலு மாசம் ஆவுது" என்று சொன்னதுமே என் தலைக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில்தான் அவள் அதைச் சொன்னாள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பர்னிச்சர் கடையில் விற்பனைக்கு நிற்கிறவன். அப்போது மாதம் மூவாயிரத்து ஐநூறு சம்பளம். எந்த மரத்தையும் பேசியே ஆள் தலையில் கட்டிவிடுவேன் என்று முதலாளி தேவசகாயம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். புகழ்கிறாரா, திட்டுகிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவைக் கிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா மணிவண்ணன் கடலுக்குப் போகிறவர். சுவாதி என்று ஒரு பெண் குழந்தை இருந்தாள். இரண்டரை வயது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குள் தூளியில் இருந்தாள், அக்கா கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அக்காவைச் சவுக்குத் தோப்பில் கொண்டுபோய்ப் போட்டது. சுவாதி விழுந்த வீட்டுக்கடியில் தூளியோடு கிடைத்தாள். அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

முதல் பத்து நாள் அக்கா அழுதாள். பிறகு அழுகை நின்றுபோனது, அதோடு மற்றதும் நின்றுபோனது. சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பாள். தூங்கினியா என்றால் தூங்கினேன் என்பாள். சீரியல் ஓடினால் பார்ப்பாள். கரண்ட் போனால் அணைந்த டிவியையும் அதேபோலப் பார்ப்பாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். யார் மேல் என்று தெரியாத கோபம் என்பதால் பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போடுவேன்.

குழந்தை ஆடியில் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். நர்ஸ் சொன்ன நேரத்துக்கு அக்கா பால் கொடுத்தாள், துணி மாற்றினாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தடவைகூட அதைக் கொஞ்சவில்லை. கண்ணே என்றோ சனியனே என்றோ எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. குழந்தை முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கூரையைப் பார்த்தாள். இவள் இப்படியே இருந்துவிட்டால் இந்தப் பிள்ளை யாரைப் பார்த்து வளரும்?

கூரையை ஏன் பார்க்கிறாள் என்று நானாக ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அக்கா இருந்தது சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு. தூளி கட்ட விட்டம் கிடையாது. இருக்கிற ஒரே கொக்கியில் ஃபேன் தொங்குகிறது. சரி, தூளிக்கு வழியில்லை, கடைச் சரக்குதான் என்று முடிவு செய்தேன்.

எங்கள் கடையில் மூன்று தினுசு இருந்தது. பைப்பில் செய்த ஸ்டாண்டு தொட்டில், தொள்ளாயிரம். இரும்புக் கட்டில், இரண்டாயிரத்து நானூறு. மூன்றாவது மரக்கட்டில், ஆறாயிரத்து எண்ணூறு. நான்கு பக்கமும் உருண்டைக் கம்பி, ஒரு பக்கம் கதவு, கதவுக்கு வெளியே கொண்டி, கொசுவலை, அடியில் சக்கரம். கடலூரிலேயே மொத்தம் நாலு பேர்தான் அதை வாங்கியிருப்பார்கள். அதில் ஒருவர் டாக்டர்.

மாமாவிடம் விலையைச் சொன்னதும் அவர் சிரித்தார். "ஆறாயிரமா? ஸ்டாண்டு தொட்டில் போதும் மச்சான். இங்க யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"அக்கா பாக்கும் மாமா" என்றேன்.

அவருக்கு அது புரியவில்லை. அக்கா ஒரு தடவை வாயைத் திறந்து, நல்லா இருக்குடா என்று சொன்னால் போதும் எனக்கு. தொள்ளாயிரம் ரூபாய்க்கு அந்த வார்த்தை வராது என்று நினைத்தேன். கடையில் நின்று நின்று எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது. முதலாளி எண்ணூறைக் குறைத்துக்கொண்டு, மாதம் ஐநூறாக ஒரு வருஷம் பிடித்துக்கொள்கிறேன் என்றார். கையெழுத்துப் போட்டேன்.

தொட்டில் போடுவதற்கு முதல் நாள் மதியம் குட்டியானை வண்டியில் கட்டிலை ஏற்றிக்கொண்டு போனேன். மாமா பந்தலுக்குச் சொல்லப் போயிருந்தார். அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் திருப்புளியை எடுத்து ஒவ்வொரு பக்கமாக மாட்டி முடித்தேன். பிறகு கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சை அப்படியே எடுத்துவிட்டேன்.

"இந்தக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டுட்டீன்னா அவ்ளோதாங்க்கா. புள்ள உள்ளேருந்து எவ்ளோ ஆட்டுனாலும் தெறக்காது. தானா வெளிய வரவே முடியாது. நீ பாட்டுக்கு நிம்மதியா கடைக்குப் போலாம், கரைக்குப் போலாம்."

அக்கா நிமிர்ந்தாள். "வரவே முடியாதா?"

மூன்றரை வருஷத்தில் அவளாக என்னைக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சான்ஸே இல்ல. நீயே இழுத்துப் பாரு" என்றேன்.

அவள் குழந்தையைத் தரையில் விரித்திருந்த புடவையில் கிடத்திவிட்டு எழுந்து வந்தாள். கம்பிகளுக்கு நடுவில் கையை விட்டு, உள்ளேயிருந்து கதவைப் பிடித்து இழுத்தாள். இன்னும் பலமாக இழுத்தாள். கட்டில் சக்கரத்தோடு நகர்ந்தது, கதவு திறக்கவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டாள்.

"சுவாதி தூளியில நிக்க மாட்டாடா" என்றாள். "எறங்கி எறங்கி என் பின்னாலயே ஓடியாந்துருவா. அன்னிக்கு மீன் ஜாஸ்தி. தூளி வாயைச் சேத்து ரிப்பனால கட்டிட்டுப் போனேன்."

நான் திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"ரெண்டு முடிச்சு போட்டேன்."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிச்சாவரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எங்கள் பெண்கள் வேலைக்குப் போகும்போது குழந்தை இறங்காமல் இருக்கத் தூளி வாயை ஒரு கட்டுக் கட்டிவிட்டுப் போவதுண்டு. எங்கள் அம்மாவும் என்னை அப்படிக் கட்டிப் போட்டவள்தான். அதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். பேசியே விற்கிறவன் நான்.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியாது. தூளிய அவுத்தவங்க யாரும் சொல்லல போலருக்கு. நீயும் சொல்லாத." பிறகு கட்டிலைக் கையால் காட்டினாள். "இத எடுத்துட்டுப் போயிடு தம்பி. எறங்கி வர்ற மாதிரி ஏதாவது வாங்கியா."

மாட்டிய திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்று எங்கோ உருண்டு போய்விட்டது, அக்கா தேடி எடுத்துக் கொடுத்தாள். மாமா திரும்பி வருவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டேன். ஆறாயிரம் ரூபாய்க்கு என் அக்காவுக்கு நான் கொண்டுபோய்க் காட்டியது அந்த ரெண்டு முடிச்சைத்தான். முதலாளி கட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கீறல் விழுந்துவிட்டது என்று முந்நூறு பிடித்தார். பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை சிதம்பரத்தில் இறங்கி ஒரு கோரைப்பாய் வாங்கினேன். நூற்று முப்பது ரூபாய். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தபோது மொத்தக் குப்பமும் என்னைப் பார்த்தது. மாமாவின் பெரியம்மா சத்தமாகவே கேட்டாள்: "பர்னிச்சர் கடையில வேல பாக்குற தாய்மாமன் பாய் தூக்கினு வர்றான். தொட்டில் பின்னால வருதா?" எல்லாரும் சிரித்தார்கள். மாமாவின் முகம் செத்துப்போனது.

காரணத்தை நான் அங்கே சொல்ல முடியாது. அக்கா எழுந்து வந்து பாயை வாங்கினாள், நடு வீட்டில் விரித்தாள், குழந்தையைக் கிடத்தினாள். மூன்று தடவை காதில் பெயரைச் சொன்னேன். இளமதி. மாமா என்னைச் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அவரிடம் அக்காவே விஷயத்தைச் சொல்ல ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை சொந்தக்காரர்கள் மத்தியில் நான் பாய்க்காரன்தான். எரிச்சல் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது.

அக்காவும் உடனே மாறிவிடவில்லை. கொஞ்சவில்லை, பாடவில்லை. பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். ஆனால் கூரையைப் பார்ப்பது குறைந்திருந்தது. நான் மாதம் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு, மாமா கொடுக்காத காபியைக் குடிக்காமல் திரும்பி வருவேன்.

அடுத்த மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மாமா வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். இளமதி பாயில் குப்புறக் கிடந்தாள். முட்டியை ஊன்றினாள், விழுந்தாள், மறுபடியும் ஊன்றினாள். சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு கை வெறும் தரையில் பட்டது. பிறகு இன்னொரு கை. கால் மட்டும் பாயிலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. அப்புறம் அதுவும் வந்துவிட்டது. அவள் நேராக வாசற்படியைப் பார்த்துத் தவழ்ந்தாள். வெளியே வெயில், மணல். மாமா வலையைப் போட்டுவிட்டுத் தூக்குவதற்கு ஓடிவந்தார்.

அக்கா குறுக்கே கையை நீட்டினாள்.

"விடுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான்கு வருஷமாகக் கேட்காத குரல். "விடுங்க, எம்புள்ள வெளிய போவுது."