போர்த்தினால்தான் தருவேன்

என் மாமியார் டாக்டரிடம் நாக்கை நீட்டுவதற்கே கூச்சப்படுகிற ஆள். காய்ச்சலுக்கு ஊசி போடப் போனால், கையில்தான் போட வேண்டும் என்று நர்ஸோடு மல்லுக்கு நிற்பார். காப்பித் தோட்டத்தில் அட்டை ஏறினால்கூட மறைவாகப் போய்த்தான் சேலையைத் தூக்கி எடுத்துப் போடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, தான் செத்தால் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார். எனக்குப் புரையேறிவிட்டது.

காரணம் அவருடைய முட்டி. அதற்கு முந்தைய வருடம்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது. செய்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. "இந்த முட்டிய எங்க பாத்துப் படிச்ச கண்ணு?" என்று இவர் கேட்க, யாரோ தானமாகக் கொடுத்த உடம்பில்தான் படித்தேன் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அது இவர் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஊரான கொட்டச்சேட்டு மேடுகளை மறுபடி ஏறி இறங்கும்போதெல்லாம், "ஆரோ கொடுத்தாங்க, நான் நடக்கறேன்" என்பார்.

"ஆனா ஒண்ணு கண்ணு," என்றார் அன்றைக்கு. "என்னைத் துணியில்லாம மட்டும் போட்டு வெக்கக் கூடாது."

"செத்த பொறவு என்னங்க அத்தை தெரியப்போவுது?"

"இப்ப நெனச்சாலே ஒடம்பு கூசுதே. நீதான் பாத்துக்கோணும். எம் மவன் வாயத் தொறக்க மாட்டான். உன்ற வாய்க்குத்தான் நாலு பேரு பயப்படுவாங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வாயைப் பற்றி அவர் பேசாத பேச்சில்லை. ஏற்காடு ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜிக் கடை நடத்துகிறவள் நான்; கத்திக் கூப்பிட்டால்தான் யாவாரம். அந்த வாய்க்கு முதல்முறையாக அன்றுதான் மரியாதை கிடைத்தது. உள்ளுக்குள் நொம்பச் சந்தோஷம். சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன்.

ஒரு மழை நாள் காலையில் அத்தை போய்விட்டார். படுத்தவர் படுத்தபடியே இருந்தார், அவ்வளவுதான். தலைச்சோலையிலிருந்து அவருடைய தம்பி வந்தார். முறைப்படி எனக்குச் சித்தப்பா. விஷயத்தைக் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மிணி, என்ற அக்காளத் துணியில்லாம மேசையில போட்டு வயசுப் பசங்க அறுப்பாங்க. அதுக்கா நாங்க பொண்ணக் கொடுத்தோம்?"

"அப்படிப் போட விடமாட்டேனுங்க. நீங்களும் வண்டியில ஏறுங்க. உங்க கண்ணால பாத்துட்டு அப்புறம் என்னை வையுங்க."

ஏறினார். கொண்டை ஊசி வளைவுகள் நெடுக என்னை முறைத்துக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தியம் செய்துவிட்டேனே தவிர, அங்கே எப்படி வைப்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்?

கல்லூரியில் உடற்கூறியல் துறைத் தலைவர் வாசலுக்கே வந்தார். நடுத்தர வயசு அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு அத்தையைக் கும்பிட்டார். அதைப் பார்த்துச் சித்தப்பா கொஞ்சம் இளகினார். நான் இளகவில்லை. வண்டிக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, மேசையில் எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன்.

அந்தம்மா பூசி மெழுகவில்லை. பாடம் நடக்கும்போது மூடும் வழக்கம் இல்லை, வகுப்பு முடிந்ததும் பிளாஸ்டிக் உறை போட்டு வைப்போம் என்றார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிகிறது.

திருப்பிக் கொண்டுபோனால் அத்தையின் ஆசை மண்ணாகப் போகும். அப்படியே இறக்கினால் அத்தையின் மானம் போகும். ரெண்டில் எதை விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போவது?

"போர்த்தினாத்தான் தருவேனுங்க," என்றேன்.

"மூடக் கூடாதுன்னு இல்லைங்க. துணி நனைஞ்சு கறையாயிடும். தினமும் மாத்தணும், துவைக்கணும்."

"மாத்துங்க. எங்க ஊர் லாட்ஜுல ஒரு ராத்திரி படுத்துட்டுப் போறவனுக்கே விரிப்பு மாத்தறாங்க. தன்னையே கொடுத்தவங்களுக்கு மாத்தக்கூடாதுங்களா?" பேச ஆரம்பித்துவிட்டால் எனக்கு நிற்காது. "இவங்களுக்கு முட்டி ஆபரேஷன் பண்ணப்போ, கழுத்து வரைக்கும் பச்சைத் துணி போர்த்தி முட்டியை மட்டும்தான் தெரியறாப்ல விட்டாங்களாம். இவங்களே வாய் ஓயாமச் சொல்லுவாங்க. உசுரோட இருக்கறப்ப ஒரு நியாயம், இப்ப ஒரு நியாயமுங்களா? எதைப் படிக்கறீங்களோ அதை மட்டும் தொறங்க. மத்ததை மூடுங்க."

என் வீட்டுக்காரர் வண்டிக்குள்ளிருந்து, "அவ சொல்றதுதானுங்க எங்கம்மா சொன்னது," என்றார். கல்யாணமான நாளாக அவர் எனக்காகப் பேசிய முதல் பேச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தம்மா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீங்க கேக்கறது சரிதாங்க. நாங்களே செஞ்சிருக்கணும். இவங்களுக்கு மட்டும் இல்ல, எல்லா மேசைக்கும் செய்யறேன்," என்றார். நான் கதவை விட்டு விலகினேன்.

சொல்வது வேறு, செய்வது வேறு என்ற பயம் எனக்கு உண்டு. அடுத்த வருடம், உடல் கொடுத்தவர்களுக்கு மரியாதை செய்கிற நாள் என்று குடும்பங்களை அழைத்தார்கள். சித்தப்பாவும் வந்தார். பூப்போட்டுக் கும்பிட்ட பிறகு, பார்க்க வேண்டுமென்றால் வகுப்பு வாசல்வரை வரலாம் என்றார் துறைத் தலைவர். போனோம்.

ஒவ்வொரு மேசையிலும் தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. ஒரு மேசையில் முழங்கை மட்டும் வெளியே தெரிந்தது. படித்து முடித்ததும் ஒரு மாணவி அந்தக் கைமேல் துணியை இழுத்துவிட்டு, ஓரத்தை நீவிச் சரிசெய்தாள். எது எங்கள் அத்தை என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அத்தை ஜெயித்துவிட்டார், நானும் ஜெயித்துவிட்டேன் என்று அங்கேயே சத்தம் போட வேண்டும்போல இருந்தது.

சித்தப்பா கடைசி மேசையைக் காட்டி, "அது எந்த ஊருங்க?" என்றார்.

"தெரியாதுங்க. ரோட்டோரமா இறந்துகிடந்தவங்க, ஒரு அம்மா. தேடிக்கிட்டு யாரும் வரலை. அரசாங்கம் மூலமா இங்க வந்தாங்க."

"அவங்களுக்கும் போர்த்தியிருக்கீங்களே."

"எல்லா மேசைக்கும்னு இவங்ககிட்டச் சொன்னேனே," என்று அந்தம்மா என்னைக் காட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சித்தப்பா எனக்கு ஜன்னல் ஓரத்து இடத்தை விட்டுக்கொடுத்தார்.

பாடம் முடிந்து, எல்லோரையும் தகனம் செய்யும் நாளைக் கல்லூரி சொல்லி அனுப்பியது. மயானத்துக்குச் சித்தப்பா ஒரு துணிக்கடைப் பையோடு வந்தார். எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிச் சேலை வர வேண்டும். அத்தைக்கு அதை அவர் இறந்த அன்றே போட்டாயிற்று. இதென்ன இரண்டாவது என்று எனக்கு விளங்கவில்லை.

துணி சுற்றி வரிசையாக வைத்திருந்த உடல்களில், பெயர் எழுதாத கடைசி உடலிடம் அவர் நேராகப் போனார். அரக்கு நிறப் புதுச் சேலையைப் பிரித்து மெதுவாக அதன்மேல் போர்த்தினார். மயான ஊழியர் பதறிக்கொண்டு வந்து, "இந்தம்மாவுக்கு நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"அண்ணனுங்க," என்றார்.